காகிதம், காலடி ஓசை, தொலைபேசிக் குரல்: சாட்சியம் பற்றிய மூன்று திரைப்படங்கள்

கடந்த மாரிகாலத்தில் ஓர் இரவு மடிக்கணினியில் பிரேசில் நாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாயில் இருந்தபடி பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படத்தின் மொழி போர்த்துக்கேயம், கீழே ஓடியது ஆங்கில எழுத்து. இடையிடையே கதையைச் சொல்லி வந்தேன். முடிவை நெருங்கும்போது ஒரு பெண் புகைப்படக்காரர்களுக்கு முன்னால் ஒரு தாளை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார்.

"உவா ஏன் தம்பி சிரிக்கிறா? என்ன பேப்பர் அது?"

"மனுசன்ர மரணச் சான்றிதழ் பெரியம்மா. இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்பதான் குடுக்கிறாங்கள்."

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார். 2009 மே மாதம் தன் கையால் கையளித்த மகனைப் பற்றி இன்றுவரை அவருக்கு எந்தப் பதிலும் இல்லை. "எனக்கும் உந்தப் பேப்பர் தாறம் எண்டவங்கள். நான் வேண்டாம் எண்டிட்டன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

ஒரு பெண் 25 ஆண்டுகள் போராடி வாங்கிய தாளை இன்னொரு பெண் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். இருவரும் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் அண்மைக் காலத்தில் உலகத் திரைப்பட விழாக்களில் பேசப்பட்ட மூன்று படங்களை மீண்டும் பார்த்தேன். ஒன்று பிரேசிலில் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப் பற்றியது. மற்றொன்று ஈரானில் சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பற்றியது. மூன்றாவது, காசாவில் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் தொலைபேசி அழைப்பைப் பற்றியது. மூன்றும் ஒரு சிறிய சாட்சியத்தைச் சுற்றியே நகர்கின்றன. முதலாவதில் அது ஒரு காகிதம், இரண்டாவதில் ஒரு காலடி ஓசை, மூன்றாவதில் ஒரு குரல்.

திரைப்பட விழாக்கள் எப்படி இயங்குகின்றன?

படங்களுக்குள் போகுமுன், அவை எந்த வழியாக வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வணிகப் படங்களைப் போல இவை நேரே திரையரங்குக்கு வருவதில்லை. முதலில் ஒரு பெரிய விழாவில் திரையிடப்படும். பெப்ரவரியில் பேர்லின், மே மாதத்தில் கான், ஓகஸ்ட்டில் லொகார்னோ, ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை வெனிஸ் என்று ஆண்டு முழுவதும் இந்தச் சுற்று நடக்கிறது. ஜனவரி இறுதியில் தொடங்கும் ரொட்டர்டாம் விழா புதிய இயக்குநர்களுக்கு இடம் கொடுப்பதில் பெயர் பெற்றது. அங்கு கிடைக்கும் பரிசையும் விமர்சனத்தையும் பார்த்தே வெவ்வேறு நாடுகளின் விநியோகத்தர்கள் படத்தை வாங்குகிறார்கள். அதன் பிறகு சிறு விழாக்கள், சில திரையரங்குகள், கடைசியாக இணையத் தளங்கள். எங்கள் கைக்கு வர ஓர் ஆண்டும் ஆகலாம். தமிழ் உபதலைப்போடு வருவது மிக அரிது.

இந்த விழாக்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வெனிஸ் விழா 1932 இல் முசோலினியின் ஆட்சியில் தொடங்கியது. அங்கு வழங்கப்பட்ட உயர்ந்த பரிசுக்கு அவருடைய பெயரே இருந்தது. 1938 இல் அந்தப் பரிசு நாசி ஜேர்மனியின் ஒலிம்பிக் படத்துக்குக் கொடுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிலிருந்துதான் கான் விழா பற்றிய எண்ணமே பிறந்தது. 1939 செப்டெம்பர் 1 அன்று தொடங்கவிருந்த அந்த விழாவை, அதே நாளில் தொடங்கிய போர் நிறுத்தியது. கான் விழா உண்மையில் நடந்தது 1946 இல். போரும் அரசும் இந்த மேடைகளுக்கு வெளியே ஒருபோதும் இருந்ததில்லை.

இந்த வழியில் எங்கள் கதைகளும் போயிருக்கின்றன. 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்' படத்தின் நாயகனாக எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தார். இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓடியார். காணாமல்போன காதலியைத் தேடும் முன்னாள் போராளி ஒருவனைப் பற்றி விசாகேச சந்திரசேகரம் எடுத்த 'மணல்' 2023 ரொட்டர்டாம் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருதைப் பெற்றது. 2015 முதல் யாழ்ப்பாணத்திலும் சர்வதேசத் திரைப்பட விழா நடத்தப்பட்டு வருகிறது. ஆகவே இது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான உலகம் அல்ல.

காகிதம்: 'நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்'

வோல்ட்டர் சாலஸ் இயக்கிய இந்தப் பிரேசில் படம் 2024 செப்டெம்பரில் வெனிஸ் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டுச் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றது. 2025 மார்ச்சில் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது. பிரேசில் படம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

கதை உண்மையானது. ரூபன்ஸ் பைவா முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 1964 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது பதவி பறிக்கப்பட்டவர். 1971 ஜனவரி 20 அன்று ரியோ டி ஜெனீரோவில் கடற்கரையோர வீட்டிலிருந்து அவரை ஆயுதம் தாங்கிய சிலர் அழைத்துச் சென்றார்கள். வாக்குமூலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றார்கள். அவர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. அடுத்த நாள் மனைவி யூனிஸும் 15 வயது மகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். மகளை ஒரு நாளில் விட்டார்கள். யூனிஸ் 12 நாட்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். பைவாவை ஏற்றிச் சென்ற வாகனம் தாக்கப்பட்டு அவர் தப்பிப் போய்விட்டார் என்று இராணுவம் அறிவித்தது. இந்த வகையான அறிக்கையை எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படத்தில் சித்திரவதைக் காட்சி கிடையாது. தடுப்பறையில் யூனிஸ் கேட்கும் அலறல்கள் மட்டும் இருக்கின்றன. சாலஸ் காட்டுவது வீட்டை. ஐந்து பிள்ளைகள், சாப்பாட்டு மேசை, நாய், இசைத்தட்டுகள், கடலுக்குப் போய்வந்த ஈரத் துவாய்கள். அந்த வீடு மெல்ல மெல்ல வெறுமையாகிறது. என்னை நிறுத்தி வைத்த காட்சி வங்கியில் நடக்கிறது. யூனிஸ் பணம் எடுக்கப் போகிறார். கணவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். கணவர் எங்கே என்று சொல்ல முடியாது. இறந்துவிட்டார் என்று காட்டவும் தாள் இல்லை. காணாமல் ஆக்குதல் என்பது ஓர் ஆளை மட்டும் கொண்டுபோவதில்லை. வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று குடும்பத்தின் எல்லாக் கடதாசிகளையும் அது முடக்குகிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பெண்கள் இதே வரிசையில் நின்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு காட்சி. சஞ்சிகை ஒன்றுக்காகக் குடும்பத்தைப் படம் எடுக்க வந்தவர், கொஞ்சம் சோகமாக இருங்கள் என்கிறார். யூனிஸ் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார். பாதிக்கப்பட்டவர் எப்படித் தோன்ற வேண்டும் என்று கமரா வைத்திருப்பவர் முடிவுசெய்வதை அந்தத் தாய் ஏற்கவில்லை. எங்கள் முகாம்களுக்கும் போராட்டக் கொட்டில்களுக்கும் வந்துபோன எத்தனையோ கமராக்களை நினைத்துக்கொண்டேன்.

யூனிஸ் பிறகு சட்டம் படித்தார். பட்டம் பெறும்போது அவருக்கு வயது 47. பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வழக்காடினார். 1995 இல் வந்த சட்டத்தின் கீழ் 1996 பெப்ரவரியில் கணவரின் மரணச் சான்றிதழைப் பெற்றார். பெரியம்மா பார்த்த சிரிப்பு அது. இறுதியில் மறதி நோயால் பாதிக்கப்பட்ட முதிய யூனிஸ், தொலைக்காட்சியில் கணவரின் படத்தைக் காண்கிறார். ஒரு கணம் முகம் மாறுகிறது. அந்த முதிய யூனிஸாக நடித்தவர் பெர்னாண்டா மொன்டினெக்ரோ. இளைய யூனிஸாக நடித்த பெர்னாண்டா டொரஸ் அவருடைய சொந்த மகள். ஒரு வசனமும் இல்லாத அந்தக் காட்சிதான் படத்தின் உச்சம்.

குறையும் உண்டு. இது வசதியும் பெயரும் இருந்த ஒரு குடும்பத்தின் கதை. பிரேசிலின் தேசிய உண்மை ஆணைக்குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்ட அல்லது காணாமல் ஆக்கப்பட்ட 434 பேரின் பெயர்களைத் தந்தது. அதே அறிக்கை, 1946 முதல் 1988 வரையான காலத்தில் குறைந்தது 8,350 பழங்குடியினர் உயிரிழந்ததாகவும் மதிப்பிட்டது. அவர்கள் அந்த 434 பேரின் பட்டியலில் இல்லை. யூனிஸ் தன் பிற்கால வாழ்வைக் கொடுத்தது அந்த மக்களுக்காக. படமோ அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. கடலோர வீட்டின் அழகிய வெளிச்சத்தில் அந்த இழப்பு தெரியாமல் போகிறது.

காலடி ஓசை: 'அது வெறும் விபத்து'

ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹிக்கு 2010 இல் ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனையும் 20 ஆண்டுகள் படம் எடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. தடை இருந்தும் வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் இருந்தபடி படம் எடுத்தார். 2022 ஜூலையில் மீண்டும் கைதுசெய்யப்பட்டு தெஹ்ரானின் எவின் சிறையில் அடைக்கப்பட்டார். உண்ணாவிரதம் தொடங்கியபின் 2023 பெப்ரவரியில் விடுதலையானார். சிறையில் உடனிருந்தவர்களிடம் கேட்ட கதைகளிலிருந்து உருவானதுதான் இந்தப் படம். அனுமதி பெறாமல் இரகசியமாக எடுக்கப்பட்டது. 2025 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியே வர முடிந்த பனாஹி, தன் கையாலேயே அதைப் பெற்றுக்கொண்டார்.

இரவில் ஒரு குடும்பம் காரில் போகிறது. நாய் ஒன்று அடிபட்டு இறக்கிறது. பின் இருக்கையில் இருக்கும் சிறுமி கலங்குகிறாள். அது வெறும் விபத்து என்று தாய் சமாதானம் சொல்கிறார். கார் பழுதாகி ஒரு கராஜின் முன் நிற்கிறது. தகப்பன் இறங்கி நடக்கும்போது அவரது செயற்கைக் கால் கிறீச்சிடுகிறது. அங்கு வேலை செய்யும் வாஹித் அந்த ஓசையைக் கேட்டு உறைந்துபோகிறான். சிறையில் கண்கட்டப்பட்ட நிலையில் தன்னை வதைத்தவனின் நடை அது என்று அவனுக்குத் தோன்றுகிறது.

அடுத்த நாள் அந்த மனிதனைக் கடத்தி வெட்டவெளியில் குழி தோண்டி உயிரோடு புதைக்கப் போகிறான் வாஹித். நான் அவனில்லை என்று அந்த மனிதன் கதறுகிறான். வாஹித்துக்குச் சந்தேகம் வருகிறது. முகத்தை ஒருநாளும் கண்டதில்லையே. ஆளை வானில் ஏற்றிக்கொண்டு, அதே கைகளில் வதைபட்ட மற்றவர்களைத் தேடிப் போகிறான். ஒரு புகைப்படக்காரி, திருமண உடையில் நிற்கும் ஒரு மணப்பெண், கோபம் அடங்காத ஓர் இளைஞன். ஒருத்தி வியர்வை மணத்தை வைத்துச் சொல்கிறாள். ஒருவன் காலைத் தடவிப் பார்த்துச் சொல்கிறான். கண்ணைக் கட்டியவர்கள் சாட்சியை அழித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் காது நினைவில் வைத்திருக்கிறது. மூக்கும் கையும் நினைவில் வைத்திருக்கின்றன. எங்கள் சமூகத்திலும் கதவு சாத்தும் ஓசையில், ஒரு வாகனத்தின் இரைச்சலில், ஒரு சவர்க்கார மணத்தில் உடல் நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "இன்னுமா உதை நினைச்சுக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பனாஹி அந்த நினைவைப் புனிதமாக்கவில்லை. அது பிழையாகவும் இருக்கலாமே என்ற கேள்வியை இறுதிவரை விடாமல் கேட்கிறார். பிழையில்லை என்றாலும் அவனைக் கொன்றால் நாம் யார் என்பது அடுத்த கேள்வி. நடுவில் அந்த மனிதனின் தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் அவனது சிறு மகள். கர்ப்பிணித் தாய் மயங்கி விழுந்துவிட்டதாக அழுகிறாள். வதைபட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வதைத்தவனின் மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். மன்னிப்பைப் போதிக்கும் காட்சி அல்ல இது. அவர்கள் இன்னும் மனிதராகவே இருக்கிறார்கள் என்பதை மட்டும் காட்டுகிறது. இடையிடையே சிரிப்பும் வருகிறது. கனமான கதைக்குள் அந்தச் சிரிப்பு எப்படி இவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று வியந்தேன்.

சில இடங்களில் பாத்திரங்கள் மாறிமாறி வாதிடுவது மேடை நாடகம்போல நீளுகிறது. பழிவாங்கலின் இரு பக்கங்களையும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. அந்தக் குறையை இறுதிக் காட்சி மறக்கச் செய்துவிடுகிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்கும்போது ஒலியைக் குறைக்காமல், கடைசி நிமிடத்தில் எழுந்துபோகாமல் இருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

குரல்: 'ஹிந்த் ரஜப்பின் குரல்'

தூனிசிய இயக்குநர் கௌதர் பென் ஹனியாவின் இந்தப் படம் 2025 செப்டெம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, இரண்டாவது உயரிய பரிசான நடுவர் பெருவிருதை வென்றது. மூன்று படங்களிலும் பார்ப்பதற்கு மிகக் கடினமானது இதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 2009 இன் இறுதி மாதங்களில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தவர்கள் இந்தப் படத்தைத் தனியே பார்க்க வேண்டாம்.

2024 ஜனவரி 29 அன்று காசா நகரில், ஆறு வயதை எட்டாத ஹிந்த் மாமா, மாமி, அவர்களின் பிள்ளைகளோடு காரில் வெளியேறிக்கொண்டிருந்தாள். கார் சுடப்பட்டது. ஜேர்மனியில் இருந்த உறவினர் ஒருவர் மூலம் செய்தி பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்துக்குப் போகிறது. 15 வயது லயான் முதலில் தொலைபேசியில் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வெடியோசை கேட்டு அவளது குரல் நின்றது. அதன் பிறகு உயிரோடு இருந்தவள் ஹிந்த் மட்டுமே. சுற்றிலும் இறந்தவர்கள். செம்பிறைச் சங்கப் பணியாளர்கள் மணிக்கணக்காக அவளோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். அம்புலன்ஸ் எட்டு நிமிட ஓட்டத் தொலைவில் நின்றது. போவதற்கு இராணுவத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கிடைத்துப் புறப்பட்ட அம்புலன்ஸும் தாக்கப்பட்டது. 12 நாட்களின் பின், பெப்ரவரி 10 அன்று, ஹிந்தின் உடலும் அவளது உறவினர்களின் உடல்களும் அம்புலன்ஸ் பணியாளர்கள் இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பகுதியில் தமது படையினர் இருக்கவில்லை என்று இஸ்ரேலிய இராணுவம் கூறியது. செய்மதிப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆராய்ந்த சுயாதீன விசாரணைகள் அதை மறுத்தன.

படம் காருக்குள் போகவே இல்லை. ரமல்லாவில் உள்ள அழைப்பு நிலையத்தை விட்டுக் கமரா வெளியேறவில்லை. பணியாளர்களாக நடிப்பவர்கள் நடிகர்கள். ஆனால் அவர்கள் காதில் கேட்கும் ஹிந்தின் குரல் உண்மையான பதிவு. என்னைக் கூட்டிச் செல்ல வாருங்கள் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். விதிமுறையைக் காக்க வேண்டிய அதிகாரிக்கும், உடனே அம்புலன்ஸை அனுப்பு என்று கத்தும் இளைஞனுக்கும் இடையிலான மோதல்தான் படத்தின் நாடகம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அனுமதியின்றி அனுப்பினால் அம்புலன்ஸ்காரர் சாவார். காத்திருந்தால் பிள்ளை சாவாள். அந்த நிலையை உருவாக்கியவர்கள் அந்த அறையில் இல்லை.

இறந்த பிள்ளையின் உண்மையான குரலை நடிகர்களோடு கலந்து படமாக்கலாமா? இந்தக் கேள்வியைப் பல விமர்சகர்கள் எழுப்பினார்கள். எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. தாயின் ஒப்புதலோடுதான் இயக்குநர் படத்தை எடுத்தார். வேறொரு சிறுமியைக் கொண்டு அந்தக் குரலைப் பேசச் செய்திருந்தால், பார்ப்பவர்கள் இது நடிப்பு என்று தங்களைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். உண்மைக் குரல் அந்த வாய்ப்பைத் தரவில்லை. ஆனாலும் நடிகர்களின் அழுகை சில இடங்களில் அந்தக் குரலுக்கு மேலே ஏறிவிடுகிறது. அந்தக் குரலுக்கு எந்த உதவியும் தேவையில்லை. அமைதியாக விட்டிருந்தால் போதும்.

வெனிஸில் படம் முடிந்ததும் பார்வையாளர்கள் இருபது நிமிடங்களுக்கு மேலாக எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கோபமும் ஒன்றாக வந்தன. எட்டு நிமிடத் தொலைவில் நின்ற அம்புலன்ஸை நினைத்தால் அந்த இருபது நிமிடம் மிக நீண்டதாகத் தெரிகிறது.

கைதட்டலுக்குப் பிறகு

சாட்சியம் கிடைத்துவிட்டால் நீதி வந்துவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பைவா குடும்பத்துக்கு ஒரு தாளைப் பெற 25 ஆண்டுகள் ஆயின. வாஹித்திடம் ஓசை இருந்தது, உறுதி இல்லை. ஹிந்தின் விடயத்தில் சாட்சியம் நடக்கும் வேளையிலேயே பதிவாகியது. உலகமே கேட்டது. ஆனாலும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

திரைப்பட விழா நீதிமன்றம் அல்ல. பரிசு தீர்ப்பும் அல்ல. பனாஹி தங்கப்பனையை வென்ற அதே 2025 இன் டிசெம்பரில், ஈரானிய நீதிமன்றம் ஒன்று அவர் இல்லாத நிலையில் அவருக்கு மேலும் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. விருது அவருக்குக் கவசமாகவில்லை.

பிரேசிலில் மட்டும் சிறிது அசைவு தெரிகிறது. படத்தை அந்நாட்டில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்குகளில் பார்த்தார்கள். 1979 பொதுமன்னிப்புச் சட்டத்தால் வதைத்தவர்கள் எவரும் தண்டிக்கப்படாத நாடு அது. உடலை மறைத்து வைப்பது இன்றும் தொடரும் குற்றம் என்றும், அதற்குப் பழைய மன்னிப்புப் பொருந்தாது என்றும் வாதிட்ட உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், 2024 டிசெம்பரில் தன் கருத்தில் இந்தப் படத்தைக் குறிப்பிட்டார். அதே மாதம், உண்மை ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட 434 பேரின் மரணப் பதிவுகளையும் திருத்தி எழுத வேண்டும் என்று நீதித்துறைப் பேரவை உத்தரவிட்டது. இதைப் படம்தான் செய்தது என்று சொல்ல முடியாது. குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த தாள்களும் முறைப்பாடுகளும் இல்லாவிட்டால் திருத்துவதற்கே எதுவும் இருந்திருக்காது. அந்தத் தாள்களுக்கு ஒரு முகத்தையும் ஒரு வீட்டையும் கொடுத்ததே படம் செய்த வேலை.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. யூனிஸ் எதையும் எறியவில்லை. பத்திரிகைத் துணுக்கு, கடிதம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்திருந்தார். எங்கள் வீடுகளிலும் முறைப்பாட்டுப் பிரதிகள், பழைய கைபேசிகளில் கிடக்கும் குரல் பதிவுகள், செல்லரித்த அல்பங்கள் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, திகதியும் இடமும் எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். வயதான தாய்மார் சொல்வதை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். காத்திருந்தபடியே இறந்துபோன பெற்றோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது.

இனி, பெரியம்மாவின் தாள். இங்கும் 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணப்படாமைச் சான்றிதழ்' பெறும் ஏற்பாடு வந்தது. பல குடும்பங்கள் இரண்டையும் மறுத்தன. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். ஆனால் யூனிஸ் 1996 இல் பெற்ற தாளிலும் பைவா எப்படி இறந்தார், யாரால் இறந்தார் என்பது இல்லை. 1971 முதல் காணாமல்போனவர் என்றே இருந்தது. யூனிஸ் 2018 இல் காலமானார். 2025 ஜனவரியில்தான் அந்தச் சான்றிதழ் திருத்தப்பட்டது. அது இயற்கையான மரணமல்ல, வன்முறையான மரணம் என்றும், 1964 இல் அமைந்த சர்வாதிகார ஆட்சி தன் அரசியல் எதிர்ப்பாளர்களைத் திட்டமிட்டுத் துன்புறுத்தியதன் பகுதியாகப் பிரேசில் அரசால் ஏற்படுத்தப்பட்டது என்றும் இப்போது அதில் இருக்கிறது. கைதாகி 54 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வரி அது.

சில நாட்களுக்கு முன் இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அரசாங்கம் செய்தது எண்டு அரசாங்கமே எழுதிக் குடுத்ததோ?"

"ஓம் பெரியம்மா."

"ஆர் செய்தது எண்டு ஆளின்ர பேர் போட்டிருக்கோ?"

"இல்லை. அஞ்சு பேருக்கு மேல 2014 இல வழக்குப் போட்டவை. ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. உடலும் கிடைக்கேல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அவாக்கும் இன்னும் முடியேல்லை" என்றார். எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த கோவையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "உதெல்லாத்தையும் கொப்பி எடுத்து வை தம்பி."

அடுத்த நாள் காலை படியெடுக்கப் போனேன். மொத்தம் 63 பக்கங்கள் இருந்தன.